ஐப்பசிக் கொடுவாவுக்குத் தூண்டில் போடும் நண்பர்களுக்கு

கடலூர், புதுச்சேரி முகத்துவாரங்களில் ராடு (தூண்டில் கம்பு) பிடிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி பிறந்தாயிற்று. கோடை முழுக்க மணல் அடைத்துக் கிடந்த ஆற்று வாய்களைப் பெருமழை வெட்டித் திறக்கும் காலம் இது. தாழங்குடாவில் தென்பெண்ணை, தேவனாம்பட்டினத்தருகே கெடிலம், பரவனாற்றையும் சேர்த்துக்கொண்டு முதுநகர்த் துறைமுகத்துக்கு வரும் உப்பனாறு, வடக்கே சங்கராபரணி பிரிந்து கடலுக்குப் போகும் சுண்ணாம்பாறும் அரியாங்குப்பம் ஆறும் என்று எந்த இடத்துக்குப் போனாலும் இனிச் சனி, ஞாயிறு விடியலில் ராடும் கையுமாக ஆள் நிற்கும். எல்லோரும் வருவது கொடுவா மீனுக்குத்தான்.

நாங்களும் அதற்குத்தான் வருகிறோம். இந்த மடல் ஒரே ஒரு வேண்டுகோளுக்காக. 80 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள கொடுவா மாட்டினால் அதை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். 60 செ.மீ.க்குக் குறைந்ததையும் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளதில் ஆளுக்கு, நாளுக்கு ஒன்று வீட்டுக்குப் போதும். விடுவது என்றால் தண்ணீரில் தூக்கிப் போடுவது அல்ல. தானாக நீந்திப் போகிற தெம்போடு விடவேண்டும். அதற்குத் தூண்டில் கட்டும்போதே தயாராக வேண்டியிருக்கிறது. மடலில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

ஏன் 80 என்ற கணக்கு? கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவமடைகிறது. மூன்று, நான்கு வயதில் ஆணாகச் சேர்ந்து, சில பருவங்கள் கழித்து, பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் அதே மீன் பெண்ணாக மாறுகிறது. அந்த மாற்றம் நடக்கும் நீளம் ஏறக்குறைய 85 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டர் வரை. ஆக, 70 செ.மீ. மீன் கையில் வந்தால் அநேகமாக ஆண். ஒரு மீட்டரைத் தாண்டினால் ஏறத்தாழ எல்லாமே பெண். பெண்ணிலும் உடல் பெருக்கப் பெருக்க முட்டை பெருகுகிறது. சிறிய பெண் லட்சக்கணக்கில் இடும். பெரிய பெண் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் இடும். “பெரிய மீன் கிழடு, அதைப் பிடித்தால் நஷ்டமில்லை” என்று கரையில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மை அதற்கு நேர் எதிர். ஆற்றில் உள்ள பெண் மீன்கள் ஏறக்குறைய அவை மட்டுமே. ஆணாகத் தொடங்கி, பல ஆண்டுகள் வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பிப் பிழைத்த பிறகுதான் ஒரு பெண் உருவாகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. கொடுவா நன்னீரில் வளரும். நன்னீரில் முட்டை பொரியாது. முட்டைக்கும் குஞ்சுக்கும் உப்பு வேண்டும். அதனால் ஆற்றுக்குள்ளும் ஓடைகளிலும் வளர்ந்த மீன், மழையோடு ஒட்டிய மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தை (கடல்நீர் ஏறி இறங்குவதை) நம்பி முகத்துவாரத்துக்கு இறங்குகிறது. ஆற்றின் வாய் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் உள்ளேயே காத்திருக்கிறது. தடுப்பணைக்கு மேலே அகப்பட்டது கொழுத்து வளருமே தவிர இனம் பெருக்காது. வாய் திறந்ததும் காத்திருந்த மீன் எல்லாம் சில நூறு அடி அகலமுள்ள ஒரே இடத்தில் வந்து கூடுகிறது. நமக்கு இந்தப் பருவத்தில் கொடுவா நன்றாக மாட்டுவது இதனால்தான். கூடி நிற்கிற தாய் மீனைக் குறிவைத்துத்தான் நாம் தூண்டில் போடுகிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

குளிர்நாட்டு ஆறுகளில் பிரவுன் டிரவுட் பிடிப்பவர்கள் இதை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். அந்த மீன் இலையுதிர் காலத்தில், அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை, ஆற்றுக் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். அதனால் பிரிட்டன் ஆறுகள் பலவற்றில் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தோடு டிரவுட் பருவம் முடிந்துவிடுகிறது. முட்டை புதைந்த கூழாங்கல்லை மிதித்து நசுக்கக் கூடாது என்று தண்ணீரில் இறங்கி நடப்பதையும் அப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள். நம் நாட்டிலேயே இமாச்சலத்து டிரவுட் ஆறுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடை. கொடுவாவுக்கே தடை வைத்திருக்கும் இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை அதைப் பிடிக்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் 58 செ.மீ.க்குக் குறைந்ததையோ 120 செ.மீ.க்கு மேற்பட்டதையோ வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கடைசி வரம்பு 120. இங்கே ஆறு சிறியது, வலை அதிகம், ஒரு மீட்டர் மீனே அபூர்வமாகிவிட்டது. அதனால்தான் 80 என்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கடலில் விசைப்படகுகளுக்கு. ஆற்று வாயில் தூண்டில் போடும் நம்மை அது தொடுவதில்லை. கொடுவா முகத்துவாரத்துக்கு இறங்கும் இந்த மாதங்களையும் அது காப்பதில்லை. பொரிப்பகக் குஞ்சு இருக்கிறது என்பது இன்னொரு பதில். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இலேயே கொடுவாவைச் சிறைப்பிடிப்பில் இனம் பெருக்கிக் காட்டியது; சீர்காழி அருகே திருமுல்லைவாசல் பக்கமும் கொடுவாப் பொரிப்பகம் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அந்தக் குஞ்சு விலை கொடுத்து வாங்குபவரின் குளத்துக்கும் கூண்டுக்கும் போகிறது. கெடிலத்து மீனைக் கெடிலத்துத் தாய்தான் பெற்றாக வேண்டும்.

வலை வீசுகிறவர்களிடம் போய்ச் சொல்லாமல் எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்றும் சிலர் கேட்பீர்கள். வீச்சுவலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவருக்கு அது அன்றைய அடுப்பு. நாம் பொழுதுக்காக வருகிறோம்; மாட்டாவிட்டாலும் வீட்டில் சோறு இருக்கிறது. பிழைப்புக்காரரிடம் கேட்கக் கூசுவதை நம்மிடம் தயங்காமல் கேட்கலாம். வலைக்கு மீனைப் பார்த்து எடுக்கவும் விடவும் வசதி குறைவு. தூண்டிலில் ஒரு நேரத்தில் ஒரு மீன்தான், அதுவும் உயிரோடு கைக்கு வருகிறது. விடுவதற்கு ஏற்ற கருவி நம்மிடம்தான் இருக்கிறது. பெரிய கொடுவாவைக் கரையிலேயே விலை பேசி விற்கும் வழக்கமும் சில வருடங்களாக வளர்ந்து வருகிறது. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நாம் செய்ய வேண்டிய வியாபாரம் அல்ல.

இனிக் கருவி.

மீன் சாவதற்கு ஒரு பெரிய காரணம் மெல்லிய நரம்பு, அதாவது தூண்டில் இழை. 10 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பில் எட்டு கிலோ கொடுவாவை முக்கால் மணி நேரம் இழுத்துக் கரை சேர்ப்பது திறமை போலத் தெரியும். அந்த நேரத்தில் மீனின் சதையில் அமிலம் ஏறிவிடுகிறது. நம் தண்ணீர் வெதுவெதுப்பானது, டிரவுட் ஆற்றுத் தண்ணீரைப் போல ஆக்சிஜன் நிறைந்தது அல்ல. வெள்ளம் அடித்து வரும் இலையும் குப்பையும் அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனும் குறைகிறது. விட்டதும் மீன் நீந்திப் போவது போலிருக்கும். போய்ச் சற்று நேரத்தில் அடியில் மல்லாக்கும். அதனால் ஏழடி மீடியம்-ஹெவி ராடு, 4000 அளவு ரீல் (நரம்பு சுற்றும் உருளை), 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). இதற்குக் கீழே போகாதீர்கள். பிரெய்டின் நுனியில் இணைக்கும் தடித்த நரம்பான லீடர் 50 பவுண்டு, முக்கால் மீட்டர் நீளம். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி. வாயும் அரம் போலச் சொரசொரப்பு. 20, 25 பவுண்டு லீடர் இரண்டு உலுக்கலில் தேய்ந்து அறும், முள்ளோடு (தூண்டில் கொக்கியோடு) மீன் போய்விடும். பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி என்ற பின்னல் முடிச்சால் இணையுங்கள். இருபது சுற்றுக்குக் குறையாமல் போட்டு, ஈரப்படுத்தி, இறுக்கி இழுத்துப் பாருங்கள். இந்த முடிச்சு வழுக்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கடைசியில் சரியாக இறுக்காததுதான். லீடர் நுனியில் லூருக்கு (செயற்கை இரைக்கு) வளைய முடிச்சு போட்டால் அது தாராளமாக ஆடும்.

ரீலின் டிராக்கை (நரம்பு ஓடுவதைக் கட்டுப்படுத்தும் தடையை) கைக்கணக்கில் வைக்காதீர்கள். வீட்டிலேயே கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்து, மூன்று கிலோ முதல் மூன்றரைக்குள் நரம்பு வழுக்கி ஓடும்படி வையுங்கள். 30 பவுண்டு என்பது ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ. அதில் நாலில் ஒரு பங்கு. இதற்கு மேல் இறுக்கினால் முதல் துள்ளலில் முள் கிழித்துக்கொண்டு வரும். தளர்த்தினால் சண்டை நீளும்.

முள்தான் மடலில் முக்கியமான பகுதி. கடையில் வாங்கும் மினோ லூரில் வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முள் இருக்கும், ஆக ஆறு முனை. கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. இரவில் கேட்கும் அந்த ‘டப்’ சத்தம் அதுதான். உறிஞ்சும்போது லூர் முழுதாக உள்ளே போய், முன் மும்முள் தொண்டையிலும் பின் மும்முள் செவுளிலும் கண்ணிலும் பாய்கிறது. செவுள் கிழிந்து ரத்தம் வழியும் மீனை விட்டும் பயனில்லை. மும்முள் இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு இடத்திலும் ஒற்றை இன்லைன் முள் (லூரில் நேராக நிற்கும்படி வளையம் அமைந்தது) போடுங்கள்: 9 செ.மீ. லூருக்கு 1/0 அளவு, 12 செ.மீ.க்கு 2/0 அல்லது 3/0. வயிற்று முள் முன்பக்கம் பார்க்க, வால் முள் பின்பக்கம் பார்க்க. எடை குறைந்து லூர் மிதக்க ஆரம்பித்தால் வயிற்றில் சிறு ஈயப்பட்டை ஒட்டினால் சரியாகிவிடும். மீன் குறைவாக மாட்டும் என்ற பயம் வேண்டாம். ஒற்றை முள் ஆழமாக இறங்கும். மும்முள்ளின் மூன்று முனையும் ஒன்றையொன்று நெம்பிக்கொண்டு பாதி ஏறிய நிலையில்தான் நிற்கும். பிறகு குறட்டால் ஒவ்வொரு முள்ளின் எதிர்க்கொக்கியையும் (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு கூரையும்) நசுக்கிவிடுங்கள். நரம்பு தளராமல் பிடித்திருக்கும்வரை அது இல்லாமலேயே மீன் நிற்கும். மீன் மேலெழும்பித் தலையை உலுக்கும்போது ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்த்தி, நரம்பு விறைப்பு குறையாமல் பாருங்கள்.

உயிர் இரை போடுபவர்கள் மடவைக் குஞ்சுக்கும் இறாலுக்கும் ஜே எழுத்து வடிவ முள் கட்டுவதை விட்டு, 4/0 முதல் 6/0 வரையுள்ள, முனை உள்நோக்கி வட்டமாக வளைந்த, பக்கவாட்டில் வளையாத சர்க்கிள் முள்ளுக்கு மாறுங்கள். அது வயிற்றில் போய் ஏறாது. மீன் திரும்பும்போது வழுக்கி வந்து உதட்டோரத்தில் மாட்டும். ஆனால் ‘விர்’ரென்று ராடைத் தூக்கி அடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். அடித்தால் சர்க்கிள் முள் வாயை விட்டு வெளியே வந்துவிடும். மீன் எடுத்துக்கொண்டு நகர, நரம்பு மெல்ல இறுக, ரீலைச் சுற்றுங்கள், போதும். ஸ்டெயின்லெஸ் முள் வாங்காதீர்கள். அறுந்து மீனோடு போனால் சாதாரண இரும்பு முள் துருப்பிடித்து உதிரும். ஸ்டெயின்லெஸ் நெடுநாள் அப்படியே நிற்கும்.

ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை) ராடோடு வருபவர்கள் இப்போது சிலர் தென்படுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் டிரவுட்டுக்கு எடுக்கும் ஐந்தாம் எண் ராடு இங்கே ஆகாது. ஒன்பதாம் எண், ஒன்பதடி ராடு, மெல்ல அமிழும் இன்டர்மீடியட் லைன், நுனியில் 40 பவுண்டு ஷாக் லீடர், 1/0 முதல் 3/0 வரையுள்ள முள்ளில் கட்டிய கிளவுசர் மினோ அல்லது டிசீவர் என்ற, சிறு மீன் போன்ற ஃப்ளை. இரண்டாவது வித்தியாசம் கையில். டிரவுட் ஃப்ளையை எடுத்ததும் ராடைத் தூக்கினால் முள் ஏறும். கொடுவாவுக்கு அப்படித் தூக்கினால் அந்தக் கெட்டி வாயிலிருந்து ஃப்ளை உருவிக்கொண்டு வந்துவிடும். ராடு தண்ணீரை நோக்கியே இருக்க, இடது கையால் லைனை நீளமாக இழுத்துக் குத்த வேண்டும்.

எங்கே, எப்போது என்பதை இங்கே எல்லோரும் ஓரளவு அறிவீர்கள் என்பதால் சுருக்கமாக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் ஓதம் நன்றாக ஓடும். ஓதம் இறங்கும்போது சிற்றோடைகள் ஆற்றில் சேரும் வாயில் நில்லுங்கள். இறாலும் மடவைக் குஞ்சும் அங்கே தள்ளப்பட்டு வரும், கொடுவா ஓரத்து நிழலில் காத்திருக்கும். தண்ணீர் தேநீர் நிறமாக இருந்து, ஒரு முழம் ஆழம் கண்ணுக்குத் தெரிந்தால் அருமை. வெள்ளச் சேறு கலந்து குழம்பாக ஓடும் நாளில் நடு ஆற்றில் போடுவது வீண்; தெளிந்த உப்புத் தண்ணீரும் கலங்கிய தண்ணீரும் உரசும் கோட்டைத் தேடுங்கள். இவ்வளவு போதும்.

மீன் மாட்டியபின் செய்ய வேண்டியதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பெரும்பாலான மீன்கள் இங்கேதான் சாகின்றன.

முதலில், மீனை மணலிலோ கருங்கல் கொட்டிய கரையிலோ இழுத்துப் போடாதீர்கள். உடம்பின் வழவழப்புதான் அதன் தோலுக்குக் காவல். மணலில் இரண்டு புரளல் புரண்டால் அது போய், விட்ட பிறகு புண் வைத்துச் சாகும். முடிச்சில்லாத ரப்பர் வலைக் கூடை வாங்குங்கள், வாய் அகலம் 70 செ.மீ. இருக்கட்டும். நைலான் முடிச்சு வலை செதிலை உரித்து வால் துடுப்பைக் கிழிக்கும். மீனைக் கூடைக்குள் வாங்கியதும் கூடையைத் தூக்காமல் தண்ணீரிலேயே வைத்து, நீண்ட மூக்குக் குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள். எதிர்க்கொக்கி நசுக்கியிருந்தால் ஒரு திருகலில் வந்துவிடும். முள் தொண்டையில் இறங்கியிருந்தால் தோண்டாதீர்கள். முள்ளுக்கு அருகே லீடரை வெட்டிவிடுங்கள்; பிடுங்குவதை விட அப்படி விட்டால் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கையை நனைத்துக்கொள்ளுங்கள். செவுள் மூடிக்குள் விரலை விட்டுத் தூக்குவது மீனுக்கும் ஆபத்து, விரலுக்கும் ஆபத்து.

உதட்டுப் பிடிப்பானில் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பதும் படம் எடுப்பதும் இப்போது எங்கும் நடக்கிறது. இதை ஆஸ்திரேலியாவில் கொடுவாவை வைத்தே சோதித்திருக்கிறார்கள். பிடிப்பான் வாய்ச் சவ்வைத் துளைத்தது. தொங்கவிட்ட மீனுக்கு முதுகெலும்பின் வரிசை பிசகியது. தண்ணீர் தாங்கிச் சுமந்த உடம்பு அது, தன் எடையைத் தாடையில் தாங்கப் படைக்கப்பட்டது அல்ல. படம் வேண்டுமென்றால் ஒரு கை கீழுதட்டில், மறு கை வயிற்றுக்கு அடியில், படுக்கைவாட்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீன் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும்.

எடை தெரிந்தே ஆகவேண்டியதில்லை, நீளம் போதும். ராடின் அடிப்பகுதியில் 60 செ.மீ.யிலும் 80 செ.மீ.யிலும் வண்ண டேப்பால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மீன் கூடையில் இருக்கும்போதே ராடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். 60 செ.மீ. கொடுவா ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும், 80 செ.மீ. ஆறு, ஆறரை கிலோவைத் தொடும். சட்டியில் ருசியும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதில்தான்.

விடும்போது மீனின் தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும். முன்னும் பின்னுமாக இழுத்து ஆட்டாதீர்கள். பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாக நுழைகிறது. ஓட்டமில்லாத இடமென்றால் மெல்ல முன்னோக்கி மட்டும் நடத்திச் செல்லுங்கள். முதலில் செவுள் விட்டு விட்டு அசையும், பிறகு சீராகும், பிறகு உங்கள் பெருவிரலை வாய் இறுக்கும், வால் அடிக்கத் தொடங்கும். அப்போது கையை எடுங்கள். முதல் அசைவுக்கே விட்டுவிட்டால் பக்கவாட்டில் சாயும். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், சில நேரம் ஐந்து நிமிடம் கூட. கொன்றால் பாவம் தின்றால் போச்சு என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்டு. தின்னவும் செய்யாமல், விடவும் தெரியாமல் சாகடித்தால் அந்தச் சமாதானமும் இல்லை.

வைத்துக்கொள்ளும் மீனையும் சாக்கில் போட்டுத் துடிக்க விடாதீர்கள். தலையில் ஓர் அடி, செவுளுக்கடியில் ஓர் அறுப்பு, ரத்தம் வடிந்ததும் ஐஸ். மாமிசமும் கெட்டியாக இருக்கும்.

அறுந்து போகும் லூரைப் பற்றி உரக்கச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. நாம் தூண்டில் போடும் அதே ஓடைகளில், பிச்சாவரம் பக்கம் அதிகமாகவும் மற்ற உப்பங்கழிகளில் ஆங்காங்கேயும், இருளர் பெண்களும் ஆண்களும் பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) பல்லில் கடித்துக்கொண்டு சேற்றுக்குள் வெறுங்கையால் இறால் தடவுகிறார்கள். அவர்கள் கையும் காலும் போகும் இடத்தில்தான் நம் மும்முள் லூர்கள் வேரிலும் கல்லிலும் சிக்கி அறுந்து கிடக்கின்றன. எதிர்க்கொக்கியுள்ள மும்முள் உள்ளங்கையில் ஏறினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பல நாள் வேலை போகும். ஒற்றை முள், நசுக்கிய எதிர்க்கொக்கி என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கு மீன் மட்டும் காரணம் இல்லை. சுரபுன்னை வேருக்குள் எறிவதென்றால் முனை மறைந்த வீட்லெஸ் முள்ளில் ரப்பர் மீன் மாட்டுங்கள். சிக்கினால் வெட்டிவிட்டு நடையைக் கட்டாதீர்கள். ஓதம் இறங்கியபின் போய் எடுக்க முடிந்ததை எடுங்கள். வெட்டி எறிந்த பிரெய்டு மக்குவதில்லை. கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு தொங்கும். பாட்டில் ஒன்றைப் பையில் வைத்து நரம்புத் துண்டுகளை அதில் திணித்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். பிச்சாவரம் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே வேண்டாம். வலை கட்டிய கழி தெரிந்தால் அதற்கு ஐம்பது அடி தள்ளி நில்லுங்கள். முதலில் வந்தது அவர்களுடைய கழி.

கெளுத்தி மாட்டும் நாளும் உண்டு. அதன் முள் குத்தினால், காயத்தைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் கடுப்பு இறங்கும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போவது நல்லது. தாங்குகிற சூட்டுக்கு ஆற்றுத் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம். முள்முனை உள்ளே முறிந்திருந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே மழையே இல்லாத நாளில் ஆறு ஏறும். தென்பெண்ணைக்குச் சாத்தனூர் அணை, சங்கராபரணிக்கு வீடூர் அணை. அங்கே மதகு திறந்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மழை ஓய்ந்தது என்று நினைத்த டிசம்பர் 2 அன்று சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்தார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அணை நீர்வரத்துச் செய்தியைப் பார்க்காமல் தாழங்குடாவுக்குக் கிளம்பாதீர்கள். புதிதாகத் திறந்த ஆற்று வாயின் மணல் ஓரம் உள்ளே அரித்து, மேலே கெட்டியாகத் தெரியும். விளிம்பிலிருந்து பத்தடி உள்ளே நில்லுங்கள். ஓதமும் வெள்ளமும் சேர்ந்து கடலுக்கு இழுக்கும் நேரத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே கூடாது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாளில் ராடு வீட்டிலேயே இருக்கட்டும். இடி கேட்டால் கிராஃபைட் ராடைக் கீழே படுக்கப் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

விடியலில் ஆற்றோரம் நிற்பவர்கள் நாம் என்பதால், மீன் செத்து மிதந்தாலும் தண்ணீர் நிறம் மாறி நாற்றம் எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது நமக்குத்தான். உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அப்படி எதையாவது பார்த்தால் நேரம், இடம், ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் குறித்து, படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அன்றே அனுப்புங்கள். ஓதத்தைக் குறிப்பது முக்கியம். கழிவு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தேடுபவருக்கு அதுதான் துப்பு.

இம்மடலின் படிகளைத் தமிழ்நாடு, புதுச்சேரி இரு மீன்வளத் துறைகளுக்கும் அனுப்புகிறோம். தென்பெண்ணைக்குத் தெற்கே ஒரு நிர்வாகம், சற்று வடக்கே போனால் இன்னொன்று; கொடுவாவுக்கு அந்த எல்லை கிடையாது. ஆகவே இரு துறையும் சேர்ந்து பேசி, பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு மட்டும், 60 முதல் 80 வரை ஒரு மீன் என்ற அளவை அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறோம். கட்டணமோ உரிமச் சீட்டோ இப்போதைக்கு வேண்டாம். வலைத் தொழிலாளர் மீது இந்த விதி பாயவும் கூடாது. தாழங்குடா, தேவனாம்பட்டினம், முதுநகர், சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை, தேங்காய்த்திட்டு ஆகிய ஐந்து இடங்களில் ஆளுயரப் பலகை ஒன்று வைத்து, அதில் கொடுவாவின் படத்தையும் இரண்டு கோடுகளையும் வரைந்து வைத்தால் போதும். தூண்டில் சாமான் கடைக்காரர்கள் ராடு விற்கும்போதே அந்த இரண்டு கோட்டையும் டேப்பால் ஒட்டிக் கொடுங்கள். தீபாவளி அமாவாசை ஓதத்துக்கு முன்னால் இதைத் தொடங்கிவிட்டால், இந்தப் பருவத்து மீனுக்கே உதவும்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி கழிமுகங்களில் தூண்டில் போடுவோர் சிலர்